மகிழாமல் கொடுத்த வள்ளல்: இன்பத்துக்கும் நற்பேற்றுக்கும் தமிழில் வழங்கும் சொற்கள்

திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 123-ஆம் பாட்டாக இருக்கிறது. காரி தேர்களை வாரி வழங்கியவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனைப் புகழ வந்த கபிலர், அவன் மகிழாமல் கொடுத்தான் என்கிறார். இன்றைய தமிழோடு அந்தப் பாட்டுக்குள் போகிறவர் இந்த இடத்தில் தடுமாறி நின்றுவிடுவார். முகம் மலராமல் கொடுப்பவனையா வள்ளல் என்பது? பாட்டை முழுதாகப் படித்தால்தான் விளங்கும். காலையிலேயே கள்ளைக் குடித்துவிட்டு அவையில் வீற்றிருக்கும் வேளையில் தேரை எடுத்துக் கொடுப்பது எவனுக்கும் எளிது. குடித்து மயங்காமல், தெளிந்த அறிவோடு இருக்கும்போதே காரி கொடுத்த தேர்கள் முள்ளூர் மலையுச்சியில் விழுந்த மழைத்துளிகளைவிட அதிகம் என்பது கபிலரின் வாதம். மகிழ்தல் என்றால் அங்கே கள்ளுண்டு வெறித்தல். மகிழாமல் கொடுத்தான் என்பது அவனுக்குச் சூட்டிய மிகப் பெரிய புகழ்மாலை.

மகிழ்ச்சிக்கு வேறு சொல் என்ன என்று கேட்டால் பள்ளிப்பிள்ளைகள் உவகை, களிப்பு, இன்பம், ஆனந்தம், சந்தோஷம் என்று அடுக்குவார்கள். நிகண்டுகள் செய்ததும் இதைத்தான். திவாகரம், பிங்கலம், சூடாமணி என வரிசையாக வந்த நிகண்டுகள் ஒரு பொருளுக்குரிய பல சொற்களை மனப்பாடம் செய்ய வசதியாகப் பாட்டில் கோத்து வைத்தன. பாட்டெழுதுகிறவனுக்குச் சீருக்கும் எதுகைக்கும் ஏற்ற சொல் கைக்கு எட்ட வேண்டும். அதற்கு அந்தக் கோவை போதும். தொல்காப்பியரும் ஒரு பொருளைக் குறிக்கும் வேறு சொற்களைத் திரிசொல்லின் ஒரு வகையாக வைத்தார். ஆனால் அந்தச் சொற்களுக்குள்ளே என்ன வேறுபாடு என்பதைச் செய்யுள்களிலும் உரைகளிலும் ஊர்ப்பேச்சிலும்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தேடினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தமிழில் இன்பத்தைக் குறிக்கும் பழைய சொற்கள், அந்த இன்பம் எங்கிருந்து வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. நற்பேற்றைக் குறிக்கும் சொற்கள் அதை யார் கொடுத்தது என்பதைச் சொல்கின்றன. இரண்டு கூட்டத்துச் சொற்களிலும் தனியாக நிற்கும் மனிதனைப் பார்ப்பது அரிது.

மகிழ் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறம் 235) கள் சிறிதளவே கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவன் மகிழ்ந்து உண்பான் என்று வருகிறது. அங்கும் மகிழ்தல் கள்ளோடுதான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாட்டில் உள்ள மகிழ்ச்சிக்குப் பாட்டுப் பாடும் கூட்டம் வேண்டும், பங்கு போட்டுக்கொள்ளும் கலம் வேண்டும். தனியாகக் குடிப்பவனின் நிலையை ஔவை அந்தச் சொல்லால் சொல்லவில்லை. தலைவனின் காலை அவைக்கு நாள்மகிழ் என்றே பெயர் இருந்தது. அவைக்கும் கள்வெறிக்கும் ஒரே சொல்.

களிப்பின் வழியும் அதுவே. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் களி என்றாலே குடிவெறி. பெற்ற தாயின் கண்ணெதிரில்கூடத் துன்பம் தரும் அந்தக் களி சான்றோர் முன்னால் என்னவாகும் என்று 923-ஆம் குறள் கேட்கிறது. களித்தவனுக்குக் காரணம் காட்டித் திருத்த நினைப்பதை, நீருக்குள் மூழ்கியவனை விளக்கெடுத்துத் தேடுவதற்கு ஒப்பிடுகிறது 929. மதம் பிடிக்கும் ஆண்யானைக்குக் களிறு என்று பெயர் வந்ததும் இந்தக் களியிலிருந்துதான் என்பார்கள். செருக்கு என்ற சொல்லும் இந்த வீட்டைச் சேர்ந்ததே. இன்று ஆணவத்தைக் குறிக்கும் அது பழைய தமிழில் கள் தரும் களிப்பையும் குறித்தது. இறுமாப்புக்கு வேறொரு கதை. இன்று யாரையும் இறுமாப்புள்ளவர் என்று பாராட்ட முடியாது. அப்பர் தம் திருஅங்கமாலையில், சிவகணத்துள் ஒருவராகத் தாமும் எண்ணப்படும் பெருமிதத்தை அந்தச் சொல்லாலேயே பாடினார். நெஞ்சு நிமிர்ந்த மகிழ்ச்சிக்கும் தலைக்கனத்துக்கும் நடுவில் உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை இந்தச் சொற்களின் வாழ்க்கை காட்டுகிறது.

வள்ளுவர் இந்தக் கள்மணத்தை நன்றாகத் தெரிந்தே சொற்களைக் கையாண்டார். காமத்துப்பாலில் 1281-ஆம் குறள், நினைத்த அளவில் களித்தலும் கண்ட அளவில் மகிழ்தலும் கள்ளுக்கு இல்லை, காமத்துக்கு உண்டு என்ற கருத்தைச் சொல்கிறது. களித்தல், மகிழ்தல் என்ற இரண்டுமே கள்ளின் சொற்கள் என்று அன்றைய வாசகருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தக் குறளின் நயம் முழுதாகப் பிடிபடும். கள்ளுக்குச் சொந்தமான சொற்களைக் கள்ளிடமிருந்தே பறித்துக் காதலிடம் கொடுக்கிறார். 1090-ஆம் குறளிலும் இதே வழக்கு நடக்கிறது: உண்டவருக்கு மட்டுமே மகிழ்வு தருவது கள், கண்டாலே மகிழ்வு தருவது காமம். பொருட்பாலுக்கு வந்தால் அவர் குரல் மாறிவிடுகிறது. பொச்சாவாமை அதிகாரத்தின் முதற்குறள், அளவு கடந்த சினத்தைவிட, பெரிய உவகையில் திளைத்து மகிழ்ச்சியால் வரும் சோர்வு தீயது என்கிறது. மகிழ்ச்சியில் செருக்கேறும் நேரத்தில் மறதியால் கெட்டுப்போனவர்களை நினைத்துக்கொள் என்கிறது 539. ஆட்சியில் இருப்பவனுக்குச் சொல்லும்போது மகிழ்ச்சி மறுபடியும் மயக்கம் ஆகிவிடுகிறது.

மகிழமரத்தைப் பற்றியும் இங்கே ஒரு சொல். வடமொழிக் கவிஞர்கள் வகுளம் என்று அழைத்த இந்த மரம், இளம்பெண்கள் வாயில் கொண்ட மதுவைத் தெளித்தால் பூக்கும் என்பது அவர்களுடைய கவிமரபு. தமிழில் அந்த மரத்தின் பெயரே மகிழ். நம்மாழ்வாருக்கு மகிழ்மாறன் என்றும் வகுளாபரணர் என்றும் பெயர். மரத்தின் பெயரும் மனத்தின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் மது, மலர், மயக்கம் மூன்றும் இரண்டு மொழிகளின் மரபிலும் ஒரே மரத்தடியில் வந்து சேர்ந்திருப்பது கவனிக்க வேண்டியது.

அந்தக் கள்மணம் இன்று முழுவதும் போய்விட்டது. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் காலத்திலிருந்து சந்தோஷத்துக்கும் ஆனந்தத்துக்கும் பதிலாக மேடையிலும் ஏட்டிலும் மகிழ்ச்சி ஏறி அமர்ந்தது. காரை மகிழுந்து என்று அழைக்கும் அளவுக்கு அது கண்ணியமான சொல் ஆயிற்று. கள்ளோடு பிறந்த சொல் ஓட்டுநர் தெளிவாக இருக்க வேண்டிய வண்டிக்குப் பெயராயிற்று. 2016-இல் வந்த கபாலி படத்துக்குப் பிறகு மகிழ்ச்சி என்ற ஒற்றைச் சொல், நன்றி என்று சொல்லும் இடத்திலும் சரி என்று சொல்லும் இடத்திலும் இளைஞர் வாயில் புழங்கத் தொடங்கியது. ஒரு சொல் இவ்வளவு இடத்தை நிரப்ப வந்துவிட்டால் அதன் பழைய கூர்மை மழுங்கத்தான் செய்யும். அதனால்தான் அதற்குப் பக்கத்தில் இருக்கும் உவகையைச் சற்று நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு எட்டு. மகிழ்ச்சிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை, உவகைக்குத்தான் கிடைத்தது. சிரிப்பு வேறு, உவகை வேறு என்று பிரித்து வைத்ததும் பெரிய காரியம். நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன்; சிரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அறியாமையும் ஏளனமும்தான் என்பது தொல்காப்பியரின் கணக்கு. சிரிப்பவன் உவகையோடுதான் இருக்கிறான் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பெருமிதத்தையும் உவகையிலிருந்து பிரித்தார். கல்வி, வீரம், புகழ், கொடை ஆகியவற்றில் பிறப்பது அது. உவகைக்கு அவர் சொல்லும் நிலைக்களங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. இந்த நான்கிலும் பிறருக்கு வருத்தம் கலவாமல் இருக்க வேண்டும் என்ற பொருள்படவும் ஓர் அடை கொடுத்திருக்கிறார்.

வடமொழி நாட்டிய நூல்கள் சொல்லும் எட்டுச் சுவையோடு இந்த எட்டையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் உவகையின் இடத்தில் அங்கே நிற்பது சிருங்காரம். ஆணும் பெண்ணும் கூடும் இன்பத்தை நடுவில் வைத்த சுவை அது. தொல்காப்பியத்தில் புணர்வு நான்கில் ஒன்று மட்டும். புலன் என்பதற்குக் கல்வியால் வரும் அறிவு என்று தொல்காப்பிய உரையாசிரியர்களில் ஒருவரான பேராசிரியர் சொல்கிறார். விளையாட்டு என்பதற்கு ஆறும் குளமும் சோலையும் ஆடித் திரிவதைக் காட்டுகிறார். ஒரு நல்ல நூலைப் படித்து முடித்தவனின் மனநிறைவும், ஆற்றில் குதித்து ஆடும் பிள்ளைகளின் ஆரவாரமும், காதலர் கூடும் இன்பமும், இல்லாமை இல்லாத வீட்டின் அமைதியும் ஒரே பெயருக்குக் கீழ் வருகின்றன. உவகையை இவ்வளவு அகலமாக வைத்த இலக்கண நூலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

அகலம் இப்படி. ஆழத்தைக் குறளில் பார்க்கலாம். தன் மகன் சான்றோன் என்று ஊரார் சொல்லக் கேட்ட தாய் அவனைப் பெற்ற பொழுதைவிடப் பெரிதும் உவக்கிறாள் (69). கொடுத்து உவக்கும் இன்பத்தை அறியாதவர்களா பொருளைச் சேர்த்து வைத்து இழக்கிறார்கள் என்ற கேள்வி 228-இல். கற்றவர்கள் உவக்கும்படி கூடி, மறுபடி எப்போது என்று நினைக்கும்படி பிரிவார்கள் என்பது 394. மூன்றிலும் எதிரே இன்னொருவர் இருக்கிறார்: மகன், வாங்கிக்கொள்பவர், நண்பர். 228-ஐ இன்னும் உற்றுப் பார்த்தால், உவத்தல் கொடுப்பவனின் நெஞ்சில் நிகழும் செயல். இன்பம் அதிலிருந்து அவன் பெறும் சுவை. இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தது அடுக்குக்காக அல்ல.

மகிழ்ச்சிக்கும் உவகைக்கும் உள்ள ஆழ வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது 1057-ஆம் குறள் என்று நினைக்கிறேன். இரவு அதிகாரத்தில், கையேந்தி நிற்பவனின் நெஞ்சைப் பற்றியது அது. இகழாமல், எள்ளாமல் கொடுப்பவரைக் கண்டால் இரப்பவனின் உள்ளம் மகிழ்ந்து, தனக்குள்ளேயே உவக்கும் என்பது கருத்து. மகிழ்தல் முதலில் வருகிறது. கண்டவுடன் முகத்தில் தெரிவது. உவத்தல் அதற்கு அடுத்து, உள்ளத்துக்கும் உள்ளே நடக்கிறது. சோறு கிடைத்ததால் வந்த மகிழ்ச்சியோடு தன்னை மனிதனாக மதித்தார்கள் என்பதால் வந்த உவகையும் சேர்கிறது. அகராதி எழுதுகிறவர்கள் இந்த ஒரு குறளை மகிழ்ச்சிக்கும் உவகைக்கும் எடுத்துக்காட்டாக வைத்தால் இரண்டு சொல்லும் பிழைக்கும்.

இன்பத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அதன் வேர் இன்; இனிமை, இனிது, இன்னா எல்லாம் அதன் உறவு. அது முதலில் புலன்களின் சொல். அனுபவத்தின் சுவையைச் சொல்வது. அறம், பொருளுக்கு அடுத்து வைக்கப்பட்டதால் காமத்தின் பெயராயிற்று. பின்னால் சமயத்தார் சிற்றின்பம், பேரின்பம் என்று பிரித்துக்கொண்டார்கள். மகிழ்ச்சி, உவகை, களிப்பு மூன்றுக்கும் நேர் எதிர்ச்சொல் சொல்லச் சற்றே யோசிக்க வேண்டும். இன்பம் என்றதும் துன்பம் வந்துவிடும். இன்னா நாற்பது, இனியவை நாற்பது என்று இரண்டு நூல்களே எழுந்தன.

வெளியிலிருந்து வந்த சொற்கள் தமிழில் குடியேறும்போது தங்கள் பொருளையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டன. பதஞ்சலியின் யோக நூலில் சந்தோஷம் ஐந்து நியமங்களில் ஒன்று. கிடைத்ததில் நிறைவு கொள்ளும் ஒழுக்கத்தின் பெயர் அது. தமிழில் அந்தத் துறவின் சாயல் கழன்று, பண்டிகைக்குப் புதுத்துணி வாங்கினாலும் சந்தோஷம்தான். குதூகலம் வடமொழியில் ஆவல், அறியும் வேட்கை. தமிழில் குழந்தைகளின் ஆரவாரம். பாரசீகத்துக் குஷி ஊர்வழி வந்து கொஞ்சம் துள்ளலைச் சேர்த்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குப் புளுகம் வந்துவிட்டது என்றால் பெரும் மகிழ்ச்சி என்று பொருள். தமிழ்நாட்டுக் காதுக்கு அது பொய்யின் பெயராகக் கேட்கும்.

ஆனால் உண்மையில் மனம் நெகிழும் நேரத்தில் மக்கள் இந்தப் பெயர்ச்சொற்களில் எதையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. காணாமல் போன பிள்ளை திரும்பி வந்தான் என்று செய்தி சொன்னவரிடம், வயித்துல பாலை வார்த்தீங்க என்கிறாள் தாய். பேரப்பிள்ளையின் பேச்சைக் கேட்ட பாட்டிக்கு நெஞ்சு குளிர்ந்துபோகிறது. புகழ்ந்தால் உச்சி குளிர்கிறது. வயிறாரச் சாப்பிட்டவர் மனசு நெறஞ்சிருக்கு என்று வாழ்த்துகிறார். மகளின் கல்யாணத்தில் தாய்க்குப் பூரிப்பு. அதன் அடியில் இருப்பதும் நிரம்புதல்தான். வெயில் காயும் நாட்டில் இன்பம் குளிர்ச்சியாகவும் நிறைவாகவும் இருப்பது இயல்பு. எரிச்சல், புழுக்கம், வயிற்றெரிச்சல் என்று பொறாமையும் துன்பமும் வெப்பத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தன. இந்த வழக்குகளைச் சேர்க்காமல் மகிழ்ச்சியின் ஒருபொருட் சொற்களை எண்ணினால் கணக்குப் பாதியில் நிற்கும்.

இனி நற்பேற்றின் பக்கம் வரலாம். தமிழில் அதற்கு முதற்சொல் திரு. செல்வம், அழகு, தெய்வத்தன்மை, திருமகள் எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கும். திருக்கோவையாரின் முதற்பாட்டுக்கு உரை எழுதிய பேராசிரியர், கண்டவர்கள் விரும்பும் தன்மைதான் திரு என்று விளக்குகிறார். பெட்டியில் பூட்டிய பணம் இந்த விளக்கத்துக்குள் வராது. காண்பவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் விரும்ப வேண்டும். 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி ஆகியவற்றை எடுத்துவிட்டுத் திரு, திருமதி, செல்வி என்று வைத்தபோது, நாட்டில் உள்ள ஏழை பணக்காரர் எல்லோருடைய பெயருக்கு முன்னாலும் நற்பேற்றின் சொல் வந்து அமர்ந்தது. கல்யாணப் பத்திரிகைகளில் சிரஞ்சீவியும் சௌபாக்கியவதியும் போய், திருவளர்ச்செல்வன், திருநிறைச்செல்வி வந்தார்கள். வீட்டில் இன்னும் கல்யாணங்கள் வரவிருந்தால் திருவளர், அதுவே கடைசிக் கல்யாணமானால் திருநிறை என்று பார்த்துப் போடும் பெரியவர்கள் உண்டு.

செல்வம் என்றால் என்ன என்பதில் சங்கப் புலவர்கள் வாக்குவாதமே செய்திருக்கிறார்கள். நற்றிணை 210-இல் மிளைகிழான் நல்வேட்டனார், அரசனால் பாராட்டப்படுவதும் யானை குதிரை தேர் ஏறி விரைவதும் செல்வம் அல்ல, அவை முன்செய்த வினையின் பயன் என்று ஒதுக்குகிறார். தன்னை அடைந்தவர்களின் துன்பத்துக்கு அஞ்சும் மென்மையான கண்ணோட்டத்தையே சான்றோர் செல்வம் என்பார்கள் என்று தோழியின் வாயில் வைக்கிறார். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனைப் பார்த்துத் தோழி சொல்லும் சொல் இது. ஒரு சொல்லின் பொருளை வைத்தே ஒரு பெரிய மனிதனைத் தலைகுனிய வைக்கிறாள்.

ஊழுக்கு இன்று விதி என்ற இருண்ட முகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பழைய தமிழில் பூ மலர்வதும் கனி முதிர்வதும் ஊழ்த்தல். முறை என்றும் அதற்குப் பொருள் உண்டு. மணமில்லாமல் மலர்ந்த பூங்கொத்தைச் சொல்லும் 650-ஆம் குறளில் இந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர் ஆகூழ், போகூழ் என்று இரண்டாகப் பிரிக்கிறார். ஆகூழ் வந்தால் சோர்வின்மை தோன்றும், போகூழ் வந்தால் சோம்பல் தோன்றும். நல்லூழ் கைக்குப் பொருளைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. உழைக்கும் மனத்தைத் தருகிறது என்பது நுட்பமான கருத்து. ஊக்கமுடைமையில் ஆக்கம் என்ற சொல்லை எடுக்கும்போது, சோர்வில்லாதவன் வீட்டுக்கு அது தானே வழி கேட்டுக்கொண்டு போகும் என்கிறார். அந்த ஆக்கம் இன்று எழுதுவதற்கும் படைப்பதற்கும் பெயராகிவிட்டது.

பங்கு என்ற எண்ணம் இன்னொரு கூட்டத்துக்கு அடிப்படை. பாக்கியம் வடமொழியில் பாகத்திலிருந்து பிறந்தது. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. தமிழில் பால் என்ற சொல்லும் பிரிவு, பங்கு என்று பொருள்படும். அறத்துப்பால், ஆண்பால் என்கிறோம். அதே பால் ஊழையும் குறித்தது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பால்வரை தெய்வம் என்று ஒரு பெயர் வருகிறது. 376-ஆம் குறளில் பால் என்றாலே ஊழ். இரண்டு மொழிகளும் தனித்தனியே, நற்பேறு என்பது பந்தியில் வைக்கும் பங்கு போன்றது என்று நினைத்திருக்கின்றன. பேறு வேறு வழி. பெறுவது பேறு, அதனால் மகப்பேறு, வீடுபேறு, பேறுகாலம். பதினாறும் பெற்று வாழ்க என்ற வாழ்த்தின் பதினாறை அபிராமி பட்டர் அம்மைமேல் பாடிய பதிகத்தில் எண்ணிக் காட்டுவார்கள்: கல்வி, நீண்ட ஆயுள், கபடமில்லாத நட்பு, நோயில்லாத உடல், சலிக்காத மனம், அன்புள்ள துணை, தடையில்லாத கொடை என்று போகும் அந்த வரிசையில் பணத்துக்கு உரிய இடங்கள் மிகச் சில.

அதிர்ஷ்டம் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாதது என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். வடமொழித் தத்துவ நூல்களில் செய்த வினையின் பயன் கண்ணில் படாமல் தங்கி இருப்பதற்குப் பெயர் அது. நல்லதும் கெட்டதும் அதில் அடங்கும். தமிழில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு, கெட்டதற்குத் துரதிர்ஷ்டம் என்று வைத்தோம், காரணத்தையும் கழற்றிவிட்டோம். 1968-இல் தமிழக அரசு பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கி, 2003-இல் லாட்டரி தடை செய்யப்படும் வரை, பெட்டிக்கடைதோறும் தொங்கியது இந்த அதிர்ஷ்டம்தான். அந்தச் சீட்டில் பரிசு என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குப் பெருஞ்சித்திரனாரின் நினைவு வரும். தன்னைப் பார்க்காமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை, நான் வாணிகம் செய்ய வந்தவன் அல்ல என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார் (புறம் 208). தன் தரம் பார்த்துத் தந்தால் தினையளவே ஆனாலும் போதும் என்றார். காணாமல் வருவதை வேண்டாம் என்ற புலவரின் சொல், கண்ணுக்குத் தெரியாததன் பெயரால் விற்ற சீட்டில் அச்சாகியிருந்தது.

ஊர்ப்பேச்சில் அதிர்ஷ்டத்தைவிட ஆழமாக வேரோடியது கொடுப்பினை. நல்ல மருமகள் வாய்த்த மாமியாரைப் பார்த்து, நீங்க கொடுத்து வச்சவங்க என்பார்கள். முன்னால் எப்போதோ, போன பிறவியிலாவது, நீங்கள் யாருக்கோ கொடுத்தீர்கள்; அது உங்கள் பேரில் வைப்பாக இருந்து இன்று கைக்கு வந்தது. கொள்வினை கொடுப்பினை என்று பெண் கொடுத்து எடுக்கும் உறவையும் இதே சொல்லால் குறிக்கிறோம். எனக்குத் தெரிந்து, நற்பேற்றை ஈகையின் பெயரால் இவ்வளவு வெளிப்படையாக அழைப்பது தமிழில் இந்த ஒரு சொல்தான். பெறுபவன் முதலில் கொடுத்தவன் என்கிறது அது. இந்தச் சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மதிக்கிற அளவுக்கு அஞ்சவும் செய்கிறேன். பிள்ளை இல்லாத பெண்ணைப் பார்த்து அவளுக்குக் கொடுப்பினை இல்லை என்று சொல்லும்போது, அவள் போன பிறவியில் யாருக்கும் எதுவும் கொடுக்காத கல்நெஞ்சக்காரி என்ற தீர்ப்பும் அதில் சேர்ந்துவிடுகிறது. சொல்கிறவர் இரக்கத்தோடுதான் சொல்கிறார், சொல் இரங்குவதில்லை. சுமங்கலி என்ற சொல்லும், ராசியில்லாதவள் என்ற பேச்சும் கணவனை இழந்த பெண்களைக் கல்யாண வீட்டின் பின்கட்டில் உட்கார வைத்தன. நற்பேற்றுக்குக் காரணம் கற்பிக்கும் ஒவ்வொரு சொல்லும், அது கிடைக்காதவர் மேல் குற்றம் சுமத்தும் வேலையையும் சேர்த்தே செய்கிறது. ஒருபொருட் சொற்களை ஆராய்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடாமல் விடுவது முறையல்ல.

இந்தக் குற்றத்தைச் சுமத்த மறுத்த ஒரு புலவர் இருக்கிறார். புறநானூற்று 194-ஆம் பாட்டைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார். கணியன் என்றால் நாளும் கோளும் பார்த்துச் சொல்பவன். யோகத்தையும் ராசியையும் எடுத்து விளக்க எல்லாத் தகுதியும் உள்ள பெயர். அவர் ஒரே ஊரில் இரண்டு வீடுகளைக் காட்டுகிறார். ஒன்றில் சாப்பறை ஒலிக்கிறது, மற்றதில் மணமுழவு. துணையோடு கூடிய பெண்கள் பூச்சூடியிருக்கிறார்கள். பிரிந்தவர்களின் கண்ணில் நீர் வழிகிறது. இந்தப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள், அந்தப் பெண்கள் கொடுத்து வைக்காதவர்கள் என்று அவர் சொல்லவில்லை. இப்படிப் படைத்தவன்தான் பண்பில்லாதவன் என்று பழியைப் படைத்தவன் மேலேயே போடுகிறார். உலகம் இன்னாதது என்று ஒப்புக்கொண்டபின், அதன் இயல்பை உணர்ந்தவர்கள் அதில் இனியவற்றைக் காணட்டும் என்கிறார். திரு, செல்வம், ஊழ், பால் எதையும் அந்த இடத்தில் அவர் எடுக்கவில்லை. போன பிறவியின் கணக்கைக் கேட்காத, நாவுக்கும் காதுக்கும் கண்ணுக்கும் தெரிந்த இன் என்ற வேரிலிருந்தே தமக்கு வேண்டிய இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டார்.